யாருக்கும் இல்லாத பெயர்

உலகத்தில் யாருக்குமே இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் கம்பெனியின் நிதித் தலைவர் மத்தியானத்திலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பிறந்திருந்தது குழந்தையல்ல. ஒன்பது கோடி நஷ்டம்.

முதலாளி அவருடைய மாமனார். கணக்கு அறிக்கையைப் புரட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாக் கம்பெனிக் கணக்கையும் தானே படித்து லாபமா நஷ்டமா என்று சொல்லிவிடும் ஆப் ஒன்று போனில் இருந்தது. "இந்த வருஷமும் நஷ்டம்னு காட்டுச்சுன்னா உங்க நாற்காலி என் பையனுக்கு, மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தார்.

"ஒவ்வொரு தொகைக்கும் ஒரு டேக், அதாவது கம்ப்யூட்டர் படிக்கிற பேர்ச்சீட்டு, ஒட்டித்தான் அரசாங்கத்துக்கு அனுப்பணும் சார். முதலாளியோட ஆப்பும் அதைத்தான் படிக்கும். அவங்க குடுத்த பொதுப் பட்டியல்ல இதுக்கு 'நஷ்டம்'னே ஒரு டேக் இருக்கு" என்றார் உதவியாளர்.

"அதை ஒட்டினா அந்த ஆப்பு நமக்கு ஆப்பு வச்சுடும்யா. பட்டியல்ல இல்லாததுக்குக் கம்பெனியே சொந்தமா ஒரு டேக் உருவாக்கிக்கலாம்ல? எழுது. 'எதிர்கால வளர்ச்சிக்கான முன்கூட்டிய பங்களிப்பு.'"

"பிரமாதம் சார். கேட்டாலே நஷ்டப்படணும்போல இருக்கு."

திரையில் ஒரு பெட்டி திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்தார். "புது டேக்குங்கறதால, இது வரவா செலவான்னு கேக்குது சார்."

"வளர்ச்சின்னு பேர் வச்சுட்டு செலவுன்னு போட்டா எவன் மதிப்பான்? வரவுன்னு போடு."

"அதானே சார்."

கூட்டல் உதைக்கிறது என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. "அதுக்கென்ன தெரியும், மூடு" என்றார் நிதித் தலைவர். உதவியாளர் மூடினார். கணக்கு போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்: "உன் தம்பியை வேற எங்கயாவது வேலை தேடிக்கச் சொல்லு."

மறுநாள் காலை ஆபீசில் மாமனார் மாப்பிள்ளையின் அறைக்கு வந்தார். ஆப்பில் கம்பெனிக்கு ஒன்பது கோடி லாபம் என்று இருந்தது. பேங்க்கில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். கதவைச் சாத்தினார்.

"பணத்தை எங்க வச்சிருக்கீங்க, மாப்பிள்ளை?"