சார்ஜ் ஏறும்வரை

“‘உனக்குப் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது.’ இதானே சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, காது குளிரக் கேக்கறேன்.”

கணவர் ஏரிக்கரைப் புல்லில் மண்டி போட்டு, நாலு மடிப்பு சோலார் பேனலை விரித்து, அதன் முகத்தைச் சூரியனுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஊரே நிழலைத் தேடி ஓடுது. உங்களுக்கு மட்டும் வெயில் வேணும்.”

“ஒரு மடிப்புல நிழல் விழுந்தாலும் மொத்தமும் படுத்துடும்மா. அக்காவோட காது மிஷின் சார்ஜ் ஆக வேண்டாமா?”

“கிளம்பறப்பவே போட்டிருக்கலாம். கூடாரம், கொசுவத்தி, ரெண்டு டார்ச், எல்லாம் ஞாபகம் இருந்துது. அது ஒண்ணுதான் மறந்துபோச்சு!”

கரண்ட் இல்லாத இடத்தில் இரண்டு நாள். அவர் யோசனைதான். மூணு பேரும் மனசுவிட்டுப் பேசலாமாம். அந்த மூணு பேரில் ஒருவருக்கு நேற்று சாயங்காலத்திலிருந்து காது அவுட்.

அந்த ஒருவர் கணவரின் அக்கா. அவளுக்கு அண்ணி. பத்தடி தள்ளி, மடக்கு நாற்காலியில், காற்றுக்காகத் தலையைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் மிஷின் பக்கத்தில் நின்று, காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். போன மாதம் ரிட்டயர்மென்ட். இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும்.

காலி பண்ணிவிட்டு எங்கே போவது? அதுதான் விஷயம்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்தாள், மூடினாள். நேராகப் போய்ப் பேனலுக்கு முன்னால் நின்றாள்.

“நிழல் விழுது, தள்ளும்மா.”

“விழட்டும். அண்ணிக்கு அந்தச் சின்ன ரூம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“மெதுவாப் பேசு.”

“எதுக்கு? அவங்களுக்கு இடி விழுந்தாலே கேக்காது. பொண்ணு கல்யாணமாகிப் போனப்புறம், இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா, கதவைச் சாத்திக்கிட்டு உக்கார எனக்குன்னு ஒரு ரூம் கிடைச்சுது. முழுசா எட்டு மாசம் ஆகல, அதுலயும் மண்ணு! காலையில ஆறு மணிக்கு டிவி அலறும். ஒண்ணைச் சொல்ல நாலு தடவை கத்தணும். என் தொண்டை என்ன இரும்பா? வேற எங்கயாவது இடம் பாருங்க. எனக்கு அவங்க வேண்டாம்!”

கடைசி வார்த்தை அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. கணவர் முகம் சுண்டிப்போய், பேனலை இரண்டடி நகர்த்தினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி சிரித்தார். காது கேட்காதவர்கள் எதற்கும் ஒன்று சிரித்துவைப்பார்களே, அந்தச் சிரிப்பு. இவளும் பல்லைக் காட்டி, டீ வேணுமா என்று சைகை செய்தாள்.

டம்ளரை வாங்கிக்கொண்ட அண்ணி, “உங்கிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன்” என்றார். “எங்ககூட வேலை பாத்தாளே பைண்டிங் சூப்பர்வைசர், அவ தனியாத்தான் இருக்கா. வா வான்னு உசிரை எடுக்கறா. நான் அங்கயே போயிடறேன். நீயே தம்பிகிட்ட சொல்லிடு, நான் சொன்னா கோச்சுப்பான். தப்பா நெனைக்காதம்மா, உன் வீடு எனக்குச் சரிப்படாது. உன் சமையல்ல உப்பே இருக்காது.”

நிம்மதியும் ரோஷமும் ஒரே நேரத்தில் பொங்க, அவள் கணவரிடம் பாய்ந்தாள்.

“கேட்டுக்குங்க! உங்க அக்காவுக்கே நம்ம வீடு வேண்டாமாம். ஃப்ரெண்டுகூட இருக்கப் போறாங்களாம். என் சமையல்ல உப்பில்லையாம்! மடக்குங்க இந்தக் கருமத்தை.”

பேனலைப் பிடித்து இழுத்தாள். வயரோடு சேர்ந்து சார்ஜர் டப்பாவும் வந்து புல்லில் விழுந்து திறந்துகொண்டது.

உள்ளே இரண்டு குழி. இரண்டும் காலி.

“மிஷின் எங்க?”

“அக்கா காதுல.”

“எப்பலேருந்து?”

“பத்து மணிக்கே ஃபுல் ஆயிடுச்சு.”

இப்போது மணி பன்னிரண்டரை.

“அப்ப இவ்வளவு நேரம் இந்தக் காலி டப்பாவுக்கா வெயில் காட்டினீங்க?”

“அக்காதான் காட்டச் சொன்னா. ‘நேர்ல கேட்டா அவ வாங்கன்னுதான்டா சொல்லுவா, வளர்ப்பு அப்படி. அந்த மரியாதையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்து நான் அவ கழுத்துல உக்காரக் கூடாது. எனக்குக் கேக்காதுன்னே நெனச்சுக்கட்டும், மனசுல இருக்கறதைச் சொல்லட்டும்’னா. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன்.”

“அந்த பைண்டிங் சூப்பர்வைசர்...?”

“அவங்க போன வருஷமே மகன் வீட்டோட போயிட்டாங்க.”

அண்ணி எழுந்து வந்தார். ஸ்கார்ஃபைத் தளர்த்தி, மிஷின் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார்.

“நான் கேக்க வேண்டியது முடிஞ்சுது தம்பி. இப்ப நிஜமாவே சார்ஜ் போடு.”

முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“அண்ணி, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. அண்ணி... கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்.”