மாப்பிள்ளை பெயருக்கு மட்டும்

செண்பகத்துக்கு அந்தத் திரைமேல் முதலிலிருந்தே நம்பிக்கையில்லை. பாளையங்கோட்டையில் இப்போது எந்தக் கல்யாணக் கடைக்குப் போனாலும், பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் போனைத் திரைக்குக் காட்டினால் போதும். போனில் இருப்பதையெல்லாம் படித்து, பத்திரிகை முதல் ஒட்டியாணம் வரை அதுவே தேர்ந்து கொடுத்துவிடும்.

அது காட்டிய பத்திரிகை லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை பிரகதீஷின் பெயரை மட்டும் அழிகிற மையில் போட்டிருந்தது.

"நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி சாமி முன்னால வைக்கிற பத்திரிகையில இது என்ன கூத்து, அண்ணாச்சி?"

"சிலருக்கு இப்படிக் காட்டுதும்மா. ஏன்னு கேட்டா சொல்லாது" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பய முழியே சரியில்லன்னு அன்னைக்கே நெனச்சேன். அவன் போன்ல என்ன வில்லங்கம் இருக்கோ!"

கடைக்காரர் தயங்கினார். "மாப்பிள்ளை இன்னும் கடைக்கே வரலியேம்மா. பொண்ணு போனை மட்டும்தான் பாத்திருக்கு."

செண்பகம் திரும்பினாள். மகள் யாழினி கண்ணாடிமுன் நின்று, வகிட்டில் நெற்றிச்சுட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பத்திரிகையே இருக்கட்டும்மா" என்றாள், கண்ணாடியில்கூட அம்மாவைப் பார்க்காமல்.