அவள் சொல்லாத உலோகம்

"இந்த முனையும் முறிஞ்சா உன் பிரிவையே மூடிடுவேன். அப்புறம் கண்ணக் கசக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

தலைமைப் பொறியாளர் இதை எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். குன்சுலு தலையை மட்டும் ஆட்டினாள். அவளை நம்பி அந்தப் பிரிவில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் இயந்திரத்தின் பக்கம் பார்க்கவே பயந்து சுவரோரம் நின்றார்கள்.

கசாக் நாட்டின் ஒஸ்கெமென் நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலை ரயில் பெட்டிகளுக்கு அலுமினியத் தளம் செய்துகொண்டிருந்தது. இரண்டு தகடுகளை உருக்காமலே ஒட்ட வேண்டும். சுழலும் முனையைத் தகடுகள் சேரும் கோட்டில் அழுத்தி இறக்கினால், உராயும் சூட்டில் அலுமினியம் இளகிவிடும். முனை அதைக் களி கிண்டுவதுபோல் கிண்டிக்கொண்டே நகர, பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் குன்சுலு வடிவமைத்த முனைகளில் ஒன்பது ஒரே மாதத்தில் முறிந்திருந்தன.

பொறுத்துப் பார்த்த தலைமைப் பொறியாளர், வெளிநாட்டிலிருந்து கெஸ்லர் என்ற விற்பனையாளரை வரவழைத்துவிட்டார். ஒரே இயந்திரம், ஒரே தகடு, ஆளுக்கு ஐம்பது மீட்டர். எந்த முனை தாங்குகிறதோ, இனி அதுதான் என்று முடிவாகியிருந்தது.

காலையில் கெஸ்லரின் முனை இறங்கியது. டங்ஸ்டன் கார்பைடு. பளபளவென்று கண்ணைப் பறித்தது. முப்பத்தோராவது மீட்டரில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இயந்திரம் ஆடுகிறது என்று கெஸ்லர் குறை சொன்னார். அதில் பொய்யில்லை. கார்பைடு எவ்வளவு கடினமோ, அவ்வளவுக்கு ஆட்டம் தாங்காது.

பகல் உணவுக்குப் பிறகு குன்சுலுவின் முறை. இயந்திரத்தை ஓட்டியவர் சகிந்திக். இருபது வருட அனுபவக்காரர், வாய்த்துடுக்கும் அதே அளவுக்கு உண்டு.

"அம்மாடி, உன் நகத்தக் கடிச்சு முடிச்சாச்சு. அடுத்து என் விரலக் கேக்கப் போற. செத்த உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. முப்பத்தொன்று தாண்டியபோது மூச்சு விட்டாள். ஐம்பது தாண்டியதும் சகிந்திக் இயந்திரத்தை நிறுத்தப் போனார்.

"யார் நிறுத்தச் சொன்னது? முறியுற வரைக்கும் ஓட்டு" என்றார் தலைமைப் பொறியாளர்.

ஈவிரக்கமில்லாத மனுஷன். எண்பது போயிற்று, நூறு போயிற்று. நூற்றிருபதில் தகடுதான் தீர்ந்துபோனது, முனை அப்படியே நின்றது. ஒட்டிய இடத்தை வெட்டியெடுத்து அழுத்து இயந்திரத்தில் வளைத்துப் பார்த்தார்கள். இரண்டாய் மடிந்ததே தவிர, மயிரிழை விரிசல்கூட விழவில்லை. சுவரோரம் நின்ற ஐந்து பேரும் சீழ்க்கை அடித்தார்கள். குன்சுலு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கெஸ்லர் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். கறுத்து, அலுமினியம் அப்பிக் கிடந்த முனையைப் பூதக்கண்ணாடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கீழே போகப் போகக் குறுகும் திருகு, அதில் சீவிவிட்ட மூன்று பட்டை, மேலே சுருள் சுருளாக வரி. வடிவம் புரிகிறது, இது என்ன உலோகம் என்று கேட்டார். அவர் மொழி அங்கே தலைமைப் பொறியாளருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதைக் கசாக்கில் கேட்டார்.

குன்சுலு தலையைக் குனிந்துகொண்டாள்.

கோபால்ட்டா, நிக்கலா, ரீனியமா என்று கெஸ்லர் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையசைத்தாள். சகிந்திக் வாயைத் திறந்தார். தலைமைப் பொறியாளர் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு அவளிடமே திரும்பினார்.

"விருந்தாளி கேக்குறார். சொல்லிடேன்."

"அது மட்டும் என் வாயில வராதுங்க. மன்னிச்சுக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். கெஸ்லருக்கோ அவள்மேல் மரியாதை கூடிவிட்டது. தொழில் ரகசியத்தை இப்படிக் காக்கும் பெண்ணை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே அழைத்துக்கொள்கிறேன், எந்தப் பதவி வேண்டுமானாலும் தருகிறேன் என்றார்.

தலைமைப் பொறியாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கெஸ்லரிடம் திரும்பினார்.

"ரகசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது வெறும் எஃகு. எங்க பாஷையில எஃகுக்குப் 'போலாத்'னு பேரு. எங்கப்பா எனக்கு வெச்ச பேரும் அதுதான்" என்றவர், குனிந்த தலை நிமிராமல் நின்ற குன்சுலுவைப் பெருமையோடு பார்த்தார். "எங்க ஊர்ல மருமக மாமனார் பேரச் சொல்லக் கூடாது. அவரத் தோக்கடிக்கக் கூடாதுன்னு மட்டும் யாரும் சொல்லி வெக்கல."