ஐந்தாவது கையெழுத்து

வாசலில் வேன் வந்து நின்றதுமே விமலா வெளியே வந்துவிட்டாள்.

"தட்டக் கழட்டிடுங்கண்ணே. அதோட பெட்டிய எடுத்து மேசையில வெச்சிட்டேன்."

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. யோகேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக் கூரையில் டிவி தட்டை ஏற்றி மாட்டியவரே அவர்தான். அன்றைக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். படம் தெரிந்ததும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

இருபத்திரண்டு வருடமாகப் போர்டிக்சன் சாலையோரச் செம்பனைத் தோட்டங்களில் தட்டு ஏற்றுவது அவர் வேலை. இப்போது இறக்குவதுதான் வேலை. காலையிலிருந்து கழற்றியவை வேனின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சந்தாவை நிறுத்த நினைக்கிறவர்களில் மாதம் ஐந்து பேரையாவது பேசித் தொடர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேன் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். இன்று மாதக் கடைசி. நாலு கையெழுத்துதான் கிடைத்திருந்தது.

"ஏன் தங்கச்சி, இதுல என்ன கொற?"

விமலா வரிசையாகச் சொன்னாள். தூறல் விழுந்தாலே படம் போய்விடுகிறது. எட்டு மணி நாடகம் ஓடும்போது அவள் செண்டாயான் தொழிற்சாலையில் நிற்கிறாள். போன் என்றால் பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிடலாம். போன வருடத்திலிருந்து தோட்டத்துக்கு இன்டர்நெட்டும் வந்துவிட்டது.

பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீலாவதி திரும்பிப் பார்த்தாள்.

"மழ நின்னா வந்துரும், மழ நின்னா வந்துரும்னு இவரு சொன்னதக் கேட்டுக் கேட்டே எம் மவனுக்கு மீச மொளச்சிருச்சி லா."

யோகேந்திரன் சிரித்து வைத்தார். பிறகு ஆரம்பித்தார். இன்டர்நெட் கம்பியைச் செம்பனைக் காட்டுக் குரங்கு அறுத்துப் போட்டால் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்றார். போன் வந்தால் வீட்டில் ஆளுக்கொரு மூலை, தட்டு இருந்தால்தான் குடும்பம் ஒரே பாயில் உட்காரும் என்றார். பிள்ளைகளுக்குக் கண் கெட்டுப்போகும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அதெல்லாம் உண்மை போலத்தான் இருந்தது.

விமலா அசையவில்லை.

"உங்க வீட்டுல எதுலண்ணே பாக்கறீங்க?"

"தட்டுலதான். வேற எதுல?"

"நெசமாவா?"

நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் அவரை உசுப்பிவிட்டது. போனை எடுத்து நீட்டினார். முகப்பில் பட்டமளிப்பு அங்கியோடு மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு ஒரே மக. ஷாமினி. இந்தப் பக்கந்தான், தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருக்கு." உள்ளங்கையை அந்தப் படத்தின்மேல் வைத்தார். "இவ மேல சத்தியம். இன்னைக்கும் என் வீட்டுக் கூரையில தட்டுதான் இருக்கு."

நீலாவதி ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். பெற்ற பிள்ளைமேல் ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் தோட்டத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

விமலா போனை வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, தொடர்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இவ்வளவு சுலபமா? நல்ல ஏமாளி என்று நினைத்துக்கொண்டுதான் யோகேந்திரன் படி இறங்கினார்.

வேனை நெருங்குவதற்குள் உள்ளங்கை கூசத் தொடங்கியது. ரஹாங்கில் அவர் வீட்டுக் கூரையில் தட்டு இல்லை. ஷாமினி சொன்னாள் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரே ஏணி வைத்து இறக்கிப் போட்டது. ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது. பேசுகிற வாய் எதையோ பேசும், பிள்ளையை ஏன் இழுத்தோம்? கையைக் கால்சட்டையில் துடைத்தார். கூச்சம் போகவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் கையெழுத்து போகும், சாவி போகும்.

உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

விமலா ஒரு கோப்பை மைலோவோடு வந்து ஜன்னலோரம் நின்றாள். நீலாவதி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"ஷாமினி டீச்சர் உங்க மகளுன்னு எனக்குத் தெரியாதுண்ணே. என் பையன் அவங்க வகுப்புதான். அவனுக்கு வாசிக்க வரலன்னு பள்ளி விட்ட பெறகும் ஒக்காந்து சொல்லித் தர்றாங்க."

யோகேந்திரன் கோப்பையை வாங்கினார்.

"போன்ல நாடகம் பாக்க வழி பண்ணிக் கொடுத்ததும் அவங்கதான். வீட்டுல தட்ட எறக்கிட்டு அவங்க பாக்கறதுலயே எனக்கும் ஒரு எடம் போட்டுக் கொடுத்தாங்க."

தன் போனை அவர் பக்கம் திருப்பினாள். பார்ப்பது யார் என்ற கேள்விக்குக் கீழே நாலு வட்டம். ஷாமினி. அம்மா. அப்பா. விமலா அக்கா.

'அப்பா' என்ற வட்டத்தில், நேற்று ராத்திரி அவர் பாதியில் விட்டுத் தூங்கிப்போன படம்கூட அப்படியே இருக்கும்.

மைலோ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்னு சொன்னா, நீங்க செஞ்சது பொய்ச் சத்தியம்னு நானே நீலா அக்கா முன்னால சொன்ன மாதிரி ஆயிரும். அதான் போட்டுட்டேன்."

கோப்பைக்காகக் கையை நீட்டிக்கொண்டே, வேனின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இத்தன தட்டு கெடக்கே. பொழுது சாயறதுக்குள்ள ஒண்ண உங்க வீட்டுக் கூரையில ஏத்திருங்கண்ணே. டீச்சர் நல்லா இருக்கணும்."