நூறைத் தாண்டக் கூடாது

சதுப்புநிலப் பூங்காவில் விதி ஒன்றுதான். பறவை பார்க்க வந்தவர்களில் ஒருவருடைய நாடித்துடிப்பு நூறைத் தாண்டினாலும் அவர்கள் உட்கார்ந்து பார்க்கும் குடிலின் ஜன்னல் மூடிக்கொள்ளும். அன்றைக்குத் திறக்காது. மனிதர்களின் படபடப்பு பறவைகளுக்கு ஆகாதாம். பயமா சந்தோஷமா என்றெல்லாம் கையில் கட்டிவிடும் பட்டை கேட்பதில்லை.

போன வருடம் ஜன்னலை மூட வைத்தவள் என் மனைவி மரகதம். பூநாரை வந்துவிடுமோ என்ற நினைப்பிலேயே அவளுக்கு நூற்று நான்கு. திரும்பும்போது வேனில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. இந்த வருடம் அவள் பத்து நாளாகக் காப்பியைத் தொடவில்லை.

இன்று நாங்கள் எட்டுப் பேர், போன வருடம் வந்த அதே எட்டுப் பேர். காலை ஏழரைக்கு வழிகாட்டி ஸ்டெல்லா, "எல்லாரும் மூச்ச மெதுவா விடுங்க. வந்திருக்கு," என்றாள்.

யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அத்தனை பேரும் மரகதத்தின் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு.

"மேடம், ப்ளீஸ்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

தொண்ணூற்றொன்பது. மரகதம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். எண் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொலைநோக்கியைத் தூக்கினார்கள்.

"என்னங்க, எத்தன வந்திருக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

குறைந்தது முந்நூறு இருக்கும். தண்ணீரே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் ரொம்ப தூரத்துல, சரியாத் தெரியல."

"அப்பப் பரவால்ல," என்றாள்.

என் பட்டை தொண்ணூற்றேழு காட்டியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.