நாற்பத்தெட்டாம் பக்கத்துக் கை

“உது ஆரின்ரை கை?”

புத்தகத்தின் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் யோகராணி விரலை வைத்திருந்தாள். படத்தில் அவள் கணவர் ஜெயரட்ணம் ஒரு ஏரிக்கரையில் நின்றார். பின்னால் குவாத்தமாலா நாட்டு எரிமலை. அவருடைய இடது தோளில் மருதோண்டி போட்ட ஒரு பெண்ணின் கை மட்டும் கிடந்தது.

ஸ்காபரோ நகரத்து விழா மண்டபத்தில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் ஜெயரட்ணம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். இலவசப் பத்திரிகையில் பன்னிரண்டு வாரம் தொடராக வந்த ‘எரிமலையின் மடியில் பதினான்கு நாள்’ இன்னும் பத்து நிமிடத்தில் நூலாக வெளியாகும். பொன்னாடையோடு ‘பயணச் செம்மல்’ பட்டமும் கிடைக்கும். பட்டத்தை அவரேதான் தெரிவுசெய்து கொடுத்திருந்தார்.

“ஊர் பாக்க வந்த ஆரும் ரூறிஸ்டா இருக்கும்,” என்றார். “அது கிடக்கட்டும். பட்டுச்சீலையைக் கட்டிக்கொண்டு உந்த வரிவரிச் சாக்குப்பையோடையோ முன்வரிசையிலை இருக்கப்போறீர்?”

யோகராணி தன் தோளில் தொங்கிய நெசவுப் பையை ஒருமுறை பார்த்தாள். “வாங்கின இடத்திலை நல்லாத்தான் இருந்தது. நீங்கள் கையைச் சொல்லுங்கோ. ரூறிஸ்ட் ஏன் உங்கட தோளைப் பிடிக்கிறா?”

“தடக்குப்பட்டிருப்பா.”

“எந்த ஹோட்டலிலை நிண்டனீங்கள்?”

“ஏரிக்கரையிலை. ஸ்பானிஷ் பேர். வாயிலை வராது.”

“பதினாலு நாள் படுத்தெழும்பின இடத்தின்ரை பேர் வாயிலை வராது.” அவள் குரல் உயரவில்லை. “எங்கட இருபத்தஞ்சாவது கலியாண நாளும் அதுக்குள்ளைதான் வந்தது. எழுத்தாளனுக்குத் தனிமை வேணும், போனும் எடுக்காதை எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள். இப்ப சொல்லுங்கோ. இல்லாட்டி மேடையிலை ஏறி மைக்கிலை கேப்பன்.”

ஜெயரட்ணம் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

“பொம்பிளை விசயம் இல்லை, யோகா. அது கலியாண அல்பம் செய்யிற றொய்சன் விட்ட பிழை. ஆரோ ஒரு சோடி ஹனிமூன் போய் எடுத்த படம். மாப்பிளை நிண்ட இடத்திலை என்னை வெட்டி ஒட்டினவன், பொம்பிளையின்ரை கையை அழிக்க மறந்திட்டான்.”

“அப்ப நீங்கள்?”

“நான் போகேல்லை.”

வெளியே ஒலிவாங்கியில் யாரோ அவரை எரிமலைக்கும் அஞ்சாத எழுத்தாளர் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்.

“வழியனுப்பு விழா வைச்சு மாலையும் போட்டிட்டாங்கள்,” ஜெயரட்ணம் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த நாள் எயார்போட் ரீவியிலை பாத்தால் மலை புகையுது. பயத்திலை பிளேனிலை ஏறேல்லை. மாலை போட்டாப்பிறகு வீட்டை எப்பிடித் திரும்பி வாறது? இஞ்சை ஒஷாவாவிலை, என்னோடை வேலை செய்யிற மரியோவின்ரை பேஸ்மென்டிலை இருந்து யூரியூப்பைப் பாத்து எழுதினன். அங்கையும் ஏரி இருக்குத்தானே.”

பெண் இல்லை என்றதும் அவள் ஆறிவிட்டாள் என்று ஜெயரட்ணம் நினைத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

“பதினாலு நாளும் சீலிங்கைப் பாத்துக்கொண்டு தனியத்தான் கிடந்தனான். உமக்கு ஒரு துரோகமும் செய்யேல்லை. வேணுமெண்டால் மரியோவைக் கேளும்.”

நிகழ்ச்சியை நடத்தும் கஜனி கதவால் தலையை நீட்டினாள். “அங்கிள், ரெடியோ? உங்களைக் கூப்பிடுகினம்.”

“இந்தா வாறன், பிள்ளை.” அவள் போனதும் மனைவியின் தோளைத் தட்டினார். “முகத்தைத் துடையும். அடுத்த கலியாண நாளுக்கு உம்மை அங்கை கூட்டிக்கொண்டு போறன். நீரும் அந்த ஊரை ஒருக்காப் பாக்கத்தான் வேணும்.”

யோகராணி நெசவுப் பைக்குள் கையை விட்டு ஒரு படத்தை எடுத்து, நாற்பத்தெட்டாம் பக்கத்தின் மேல் வைத்தாள். ஜெயரட்ணத்தின் பாஸ்போட் படம். நாலு மூலையும் மடங்கி, பல விரல்கள் பட்டு அழுக்கேறியிருந்தது.

“போன கலியாண நாளண்டு நான் அங்கை போய், இதைக் காட்டிக் காட்டி அந்த ஊர் முழுக்க உங்களைத் தேடினனான்.”