பம்ப் எப்போது?

கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, நாலு எண்ணிக்கைக்கு ஒரு மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள் கிட்டார் டீச்சர்.

மடியில் கிடந்த பொடிசு விடுவதாக இல்லை. அது ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் டீச்சருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

ஆனாலும் அவள் அசரவில்லை. புதிதாகக் கம்பியைத் தொடும் பிள்ளைகள் விரல் எரிகிறது என்று மூக்கைச் சிந்தும்போதெல்லாம், பொறுத்துக்கொண்டால் தானாகக் காய்த்துவிடும் என்று சொல்லி அனுப்புகிறவள் அவள். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா?

இருந்தாலும் நேற்று மார்க்காம்பு வெடித்து ரத்தம் துளிர்த்தபோது அந்த வீராப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. இன்று மாலைக்குள் வலி குறையாவிட்டால் நேராகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பம்பில் எடுத்துப் புட்டியில் கொடுத்துவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். அவன் சமையலறையில் புட்டிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது. இந்த வாய் தன் மார்பில் இருக்க வேண்டும் என்று அவள் பட்ட ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

குழந்தைக்கு எடை பார்க்க வந்த நர்ஸ், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“என்ன டீச்சர், பிரசவ வலி இன்னும் முடியலையா? மூச்சு இப்படி வாங்குது!”

“போகப் போகக் காய்ச்சுப் போயிடும்ல சிஸ்டர்?”

நர்ஸ் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “காய்ச்சுப் போறதுக்கு அது என்ன விரலா? இப்படி வலிச்சா, பிள்ளை தப்பாப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எடுங்க வெளிய.”

டீச்சரின் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரம் நுழைக்கச் சொல்லி, பிடியை விடுவித்தாள். குழந்தையின் வயிறு டீச்சரின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினாள். மூக்குக்கு நேரே காம்பு. கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும் வரை பொறு, பொறு என்று டீச்சரின் தோளைப் பிடித்து அடக்கினாள். திறந்ததும் ஒரே அணைப்பு. தாடை முதலில் புதைந்தது.

முதல் இரண்டு இழுப்பு சுரீர் என்றது.

அப்புறம் வலிக்கவில்லை.

க்ளுக், க்ளுக் என்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பான தாளத்தை இத்தனை நாள் விடாமல் சாதகம் பண்ணியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்துவிடச் சொல்லிச் சமையலறைக்குக் குரல் கொடுத்தாள்.

காம்பு ஆறும்வரை, குழந்தை ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் ஒரு சொட்டுப் பாலை அதன் மேலேயே தடவிக் காயவிடச் சொன்ன நர்ஸ், அடுத்த கேள்விக்குத் தாவினாள். தையல் எப்படி இருக்கிறதாம்?

“தையலே இல்ல சிஸ்டர்.”

“அடேயப்பா! கொடுத்து வெச்சவங்க நீங்க.”

சமையலறையில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

நர்ஸ் எடை பார்க்கும் தட்டை வைக்க மேசையை ஒதுக்கியபோதுதான் பம்ப் கண்ணில் பட்டது. இதுக்குள்ள எதுக்கு இது என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாசமாவது போக வேண்டும், பால் ஓட்டம் நிலைக்க வேண்டும், பிள்ளை மார்புக்குப் பழக வேண்டும், அதன் பிறகு பம்ப் போட்டால் போதும், அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக எதையும் செய்யக் கூடாது.

பேசிக்கொண்டே அதைக் கையில் எடுத்துப் பார்த்தவளின் முகம் சுருங்கியது. குழாய் பழுப்பேறிக் கிடந்தது. பொத்தானில் எழுத்தே அழிந்திருந்தது.

“அடுத்தவங்க போட்டுத் தேய்ச்சதையெல்லாம் வாங்கலாமா டீச்சர்? தொத்து வரும்.”

“புதுசாத்தான் வாங்கினோம். தேய்ஞ்சது என்கிட்டதான்.”

“ஒரே வாரத்துலயா?”

“இல்ல, இவ பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்.”

நர்ஸ் பதறிப்போனாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பம்ப் போட்டால் நாள் ஆகும் முன்பே வலி கண்டுவிடும், எந்த டாக்டர் சொன்னார், யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று பொரிந்து தள்ளினாள். டீச்சர் அவளைப் பேசி முடிக்க விட்டாள்.

“என் வயித்துல இல்ல சிஸ்டர்.”

ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றான் கணவன். தத்து கொடுக்கும் இல்லத்திலிருந்து ஃபோன் வந்த அன்றுதான், போன வாரம், அவர்கள் இருவரும் இந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் மாதக்கணக்கில், பால் சுரக்க டாக்டர் தந்த மாத்திரையும் பம்புமாக, ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும் முன்கூட, ஒன்றும் வராத மார்பில் அதை ஓடவிட்டிருக்கிறாள் டீச்சர். முதல் சொட்டு வந்த அன்று கொட்ட மனசு வராமல் இருவரும் அதைப் பிடித்த கரண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நர்ஸ் பம்பைப் பத்திரமாக மேசையில் வைத்தாள்.

“அப்ப இதை நிறுத்திடாதீங்க. ஒவ்வொரு தடவை கொடுத்த பிறகும் போடுங்க.” பிறகு தணிந்த குரலில் கேட்டாள். “எப்ப வரும்னு தெரியாது. யாருன்னும் தெரியாது. என்ன தைரியத்துல டீச்சர் ஆரம்பிச்சீங்க?”

டீச்சர் குனிந்து குழந்தையின் கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள்.

“யாருன்னு தெரியாதுதான். பசியோட வரும்னு தெரியுமே.”